கேரட் துண்டும் கலோரிக் கணக்கும்

சாயங்காலம் 4 மணிக்குப் பசி எடுத்தால் கை தானாகச் சிப்ஸ் பாக்கெட்டைத் தேடுகிறது. ஏன் கேரட்டைத் தேடுவதில்லை? "கேரட்டில் என்ன ருசி இருக்கு?" என்று நம்மில் பலர் உடனே கேட்டுவிடுவோம். ஆனால் வரலாற்றைப் புரட்டினால் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு காய் எப்போது நொறுக்குத் தீனி ஆகிறது, எப்போது ஆகாமல் போகிறது என்பதற்கு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த சில சம்பவங்கள் நல்ல சாட்சி. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

இது பொழுதுபோக்குக் கதை மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள ஒரு நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. 2021-இல் இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருந்திருக்கும் என்பது அதன் மதிப்பீடு. மாலை நேரத்தில் நாம் எதைக் கொறிக்கிறோம் என்பது இனி சின்ன விஷயம் இல்லை.

முதலில் வந்தது எண்ணெய்

உருளைக்கிழங்கு சிப்ஸ் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. 1853-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரட்டோகா ஸ்பிரிங்ஸ் ஊரில் ஜார்ஜ் கிரம் என்ற சமையல்காரரிடம், "துண்டுகள் தடிமனாக இருக்கின்றன" என்று ஒரு வாடிக்கையாளர் குறை சொன்னாராம். கோபத்தில் அவர் காகிதம் போலச் சீவிப் பொரித்துக் கொடுத்தாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு 36 வருடங்களுக்கு முன்பே, 1817-இல், லண்டனில் வில்லியம் கிச்சினர் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் உருளைக்கிழங்கைச் சீவிப் பொரிக்கும் குறிப்பு இருக்கிறது. அதனால் கிரம்தான் கண்டுபிடித்தார் என்ற கதை நிற்காது.

யார் கண்டுபிடித்தாலும் எண்ணெய்ச் சட்டியில் நடப்பது ஒன்றுதான். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். பொரிக்கும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது, எண்ணெய் உள்ளே நுழைகிறது. வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் சுமார் 87 கலோரி. அதுவே சிப்ஸ் ஆனால் 100 கிராமுக்கு 530-ஐத் தாண்டும். சிப்ஸின் எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்!

1926-இல் கலிபோர்னியாவில் லாரா ஸ்கடர் என்ற பெண்மணி மெழுகுக் காகிதப் பைகளில் சிப்ஸை அடைத்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன் கடைகளில் பெரிய டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுப்பார்கள். அடியில் இருப்பது நமத்து, நொறுங்கிக் கிடக்கும். பை வந்ததும் மொறுமொறுப்பு போகாமல் வீடு வந்து சேர்ந்தது. பிரித்தவுடன் சாப்பிடலாம், கத்தி வேண்டாம், தட்டு வேண்டாம். இந்த வசதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காய்கறி வீண் செலவு என்று சொன்ன விஞ்ஞானி

கலோரி என்ற சொல் 1820-களில் பிரான்சில் வெப்பத்தை அளப்பதற்காகப் பிறந்தது. ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம்தான் நாம் உணவில் சொல்லும் ஒரு கலோரி. இதைச் சோற்றுத் தட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் வில்பர் அட்வாட்டர். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர்.

1890-களில் அவரும் இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவும் ஒரு சிறிய அறையைக் கட்டினார்கள். அதற்குள் ஓர் ஆளை நாள் கணக்கில் தங்க வைத்தார்கள். அவர் அங்கேயே சாப்பிடுவார், தூங்குவார், உடற்பயிற்சியும் செய்வார். உடம்பிலிருந்து வெளியேறும் வெப்பத்தைக் குழாயில் ஓடும் தண்ணீரைக் கொண்டு அளந்தார்கள். உள்ளே போகும் உணவு, வெளியே வரும் கழிவு எல்லாவற்றுக்கும் கணக்கு. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று இன்றைக்கும் நாம் பயன்படுத்தும் எண்கள் அட்வாட்டரின் ஆராய்ச்சியில் வந்தவை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அட்வாட்டரின் கவலை உடல் எடை இல்லை, ஏழைத் தொழிலாளியின் பட்ஜெட். 25 சென்ட் கொடுத்தால் எந்த உணவில் அதிகச் சத்து கிடைக்கும் என்று பட்டியல் போட்டார். அந்தக் கணக்கில் கோதுமை மாவும் பீன்ஸ் பருப்பும் ஜெயித்தன. கீரையும் பச்சைக் காய்களும் தோற்றன. காசைக் கொடுத்துத் தண்ணீரை வாங்குவது போல என்பது அவர் கணக்கின் சாரம். வைட்டமின்கள் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. 'வைட்டமின்' என்ற பெயரையே காசிமிர் ஃபங்க் 1912-இல்தான் வைத்தார். அட்வாட்டர் அதற்கு 5 வருடங்கள் முன்பே, 1907-இல், இறந்துவிட்டார்.

குறையே பெருமை ஆன கதை

அட்வாட்டர் குறையாகப் பார்த்ததைப் பெருமையாக்கியவர்களில் ஒருவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற கலிபோர்னிய டாக்டர். அவருடைய எடை ஒரு காலத்தில் ஏறக்குறைய 100 கிலோ. கலோரி கணக்குப் பார்த்துச் சாப்பிட்டு 30 கிலோவுக்கு மேல் குறைத்தார். 1918-இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். முதல் உலகப் போர் நேரம். உணவைச் சேமிப்பது தேசபக்தி என்று அரசே பிரசாரம் செய்துகொண்டிருந்தது. புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. இனி ரொட்டியைத் துண்டுக் கணக்கில் சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பது அவர் வாசகர்களுக்குக் கொடுத்த பாடம்.

அவர் வழியில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கலோரி வெண்ணெய் என்றால் ஒரு மேசைக்கரண்டி. 100 கலோரி கேரட் என்றால் கிட்டத்தட்ட கால் கிலோ! வெள்ளரிக்காய் என்றால் அரை கிலோவுக்கும் மேல். வயிறு நிறைய வேண்டும், எடை ஏறக்கூடாது என்பவர்களுக்குக் காய்கறியை விட்டால் வேறு வழி ஏது? கேரட் மாறவே இல்லை. அதைப் பார்க்கும் கண்தான் 20 வருடத்தில் தலைகீழாக மாறியது.

சரி, எண் தெரிந்ததும் மக்கள் கேரட்டுக்கு மாறிவிட்டார்களா? இல்லை! சிப்ஸ் வியாபாரம்தான் வளர்ந்தது.

ஐஸ்கிரீமுக்குப் பதில் குச்சிக் கேரட்

கட்டாயப்படுத்தினால் மாறுவார்களா? அதற்கும் வரலாற்றில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தில் சர்க்கரைக்கு ரேஷன். 1942-இல் மிட்டாய்க்கும் ரேஷன் வந்தது. கேரட் மட்டும் தேவைக்கு மேல் விளைந்து கிடந்தது. உணவு அமைச்சகம் 'டாக்டர் கேரட்' என்ற கார்ட்டூன் பாத்திரத்தை உருவாக்கி விளம்பரம் செய்தது. இரவில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் விமானிகளின் கண்பார்வைக்குக் கேரட்தான் காரணம் என்ற பேச்சும் பரவியது (உண்மையான காரணம் ரேடார்). ஐஸ்கிரீம் கிடைக்காத குழந்தைகள் குச்சியில் செருகிய முழுக் கேரட்டைக் கடித்துத் தின்னும் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன.

1953 பிப்ரவரியில் மிட்டாய் ரேஷன் நீங்கியது. குழந்தைகள் கடைக்கு ஓடினார்கள். எதற்கு என்று சொல்லவும் வேண்டுமா? கேரட்டுக்கு இல்லை!

பேக்கர்ஸ்ஃபீல்ட் விவசாயியின் எந்திரம்

அறிவுரையும் கட்டாயமும் செய்யாததை ஒரு நறுக்கும் எந்திரம் செய்தது. கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் பகுதியில் மைக் யுரோசெக் என்ற கேரட் விவசாயி இருந்தார். கோணல், உடைசல், முறுக்கல் என்று ஏராளமான கேரட்டைக் கடைகள் வாங்க மறுக்கும். மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டதுபோக மீதி குப்பைக்குப் போகும். டன் கணக்கில் நஷ்டம்.

1986-இல் அவர் பீன்ஸ் நறுக்கும் எந்திரம் ஒன்றை வாங்கி, கோணல் கேரட்டை 2 அங்குலத் துண்டுகளாக வெட்டினார். பிறகு உருளைக்கிழங்குத் தோல் சீவும் எந்திரத்தில் போட்டு வழவழப்பாக்கினார். அதைப் பையில் போட்டு லாஸ் ஏஞ்சலஸ் சூப்பர் மார்க்கெட் ஒன்றுக்கு அனுப்பினார். மறுநாளே, இனி இதை மட்டும் அனுப்பு என்று பதில் வந்ததாம். 'பேபி கேரட்' என்று உலகம் முழுவதும் விற்பது பெரும்பாலும் இதுதான். பிஞ்சுக் கேரட் இல்லை, முற்றிய கேரட்டின் துண்டு! அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்கர் சாப்பிடும் கேரட்டின் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது.

என்ன மாறியது? சுவை அதேதான், கலோரி அதேதான். கழுவும் வேலை, தோல் சீவும் வேலை, நறுக்கும் வேலை மூன்றும் போயின. லாரா ஸ்கடரின் சிப்ஸ் பைக்கு இருந்த வசதி 60 வருடம் கழித்துக் கேரட்டுக்குக் கிடைத்தது. 2010-இல் அமெரிக்கக் கேரட் நிறுவனம் ஒன்று பேபி கேரட்டைச் சிப்ஸ் பாக்கெட் போலவே பளபளப்பான பைகளில் போட்டு, நொறுக்குத் தீனி மாதிரி தின்னுங்கள் என்று விளம்பரமே செய்தது.

தொட்டுக்கொள்வதில் ஒரு பொறி

கதை இத்துடன் சுபமாக முடியவில்லை. வெறும் கேரட் சலிக்கும், ஏதாவது தொட்டுக்கொள்ள வேண்டும். அமெரிக்கர்கள் தேர்ந்தெடுத்தது ரான்ச் என்ற வெள்ளைக் குழம்பு. 1950-களில் ஸ்டீவ் ஹென்சன் என்பவர் கலிபோர்னியாவில் தன் பண்ணை விடுதியில் பரிமாறிப் பிரபலமாக்கியது. (1972-இல் அந்த பிராண்டை வாங்கியது குளோராக்ஸ், துணி வெளுக்கும் பிளீச் விற்கும் கம்பெனி!) அதில் பெரும்பகுதி எண்ணெய். இரண்டு மேசைக்கரண்டி ரான்ச்சில் சுமார் 130 கலோரி. 100 கிராம் கேரட்டில் இருப்பதோ 41. முன்வாசலில் துரத்திய எண்ணெய் கொல்லைப்புறம் வழியாக வந்துவிட்டது.

நம் பக்கம் பார்த்தால்

யுரோசெக் எந்திரம் வைத்துச் செய்ததை நம் ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்கும் அம்மா ஒரு கத்தியை வைத்துச் செய்கிறார். தோல் சீவி, நான்காகக் கீறி, உப்பும் மிளகாய்ப் பொடியும் தடவி, கையில் கொடுத்துவிடுகிறார். நாமும் மறுபேச்சில்லாமல் தின்கிறோம். அப்படியானால் வேலை முடிந்திருக்க வேண்டும், உறைப்பு இருக்க வேண்டும், எண்ணெய் அளவோடு இருக்க வேண்டும். வரலாறு சொல்லும் இந்த மூன்றையும் வைத்துச் சில வழிகள்:

1. பச்சையாக: கேரட், வெள்ளரி, முள்ளங்கியை விரல் நீளத்துக்கு நறுக்கி மூடியுள்ள டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். பசி வந்த பிறகு நறுக்க உட்கார்ந்தால் சிப்ஸ்தான் ஜெயிக்கும். சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறும் மிளகாய்ப் பொடியும் போதும். உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

2. கோசுமல்லி: ஊறிய பாசிப்பருப்பு, துருவிய கேரட், பச்சை மிளகாய், கொத்தமல்லி. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டினால் சேரும் எண்ணெய்க் கலோரி சுமார் 40. இரண்டு பேருக்கு வரும்.

3. தோசைக்கல்லில் காலிஃபிளவர்: பூக்களை முதலில் இட்லிப் பானையில் 4 நிமிடம் ஆவியில் வையுங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மஞ்சள், மிளகாய்ப் பொடி, கொஞ்சம் கடலை மாவு புரட்டி, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வாட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்று குவிக்காமல் பரப்பி வைத்தால்தான் ஓரம் முறுகும். குவித்தால் வெந்த காய்தான் கிடைக்கும்.

4. தொட்டுக்கொள்ள: கொழுப்பு நீக்கிய பாலில் உறையூற்றிய தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக்குங்கள். அதில் வறுத்த சீரகப் பொடி, நசுக்கிய பூண்டு, புதினா சேருங்கள். ரான்ச் செய்யும் வேலையை எண்ணெய் இல்லாமல் இது செய்யும்.

அட்வாட்டர் எண்ணைக் கொடுத்தார், பீட்டர்ஸ் அந்த எண்ணுக்குப் புது அர்த்தம் கொடுத்தார். ஆனால் கேரட்டை அமெரிக்கர்களின் கையில் சேர்த்தது, குப்பைக்குப் போகும் காயைப் பார்த்து மனசு பொறுக்காத ஒரு விவசாயி. உடம்புக்கு நல்லது என்ற அறிவுரை நம் வீடுகளில் தேவைக்கு மேல் இருக்கிறது. குறைவாக இருப்பது நறுக்கி வைக்கும் ஆள். அந்த வேலையையும் எப்போதும் அம்மா தலையில் கட்டாமல், இன்று ராத்திரி 10 நிமிடம் நாமே கத்தியை எடுத்தால் என்ன? நாளை 4 மணிக்குப் பசி எடுக்கும்போது டப்பா தயாராக இருக்கும்.