கிஸில்டெரேயின் 13 விழுக்காடு: புவிவெப்ப நீராவியின் வாயு அளவு குறித்து ஒரு மறுவாசிப்பு

புவிவெப்ப நீராவியோடு ஏறிவந்து, கண்டென்சரில் நீராகாமல் தேங்கும் வாயுக்களை எதைக்கொண்டு வெளியேற்றுவது? முந்தைய ஆய்வுகள் இதற்கு ஒரு விழுக்காட்டு எல்லையை வைத்துள்ளன: வாயு நீராவியின் எடையில் சுமார் 3 விழுக்காட்டுக்குள் என்றால் எஜெக்டர், அதை மிஞ்சினால் கம்ப்ரஸர். இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது துருக்கியின் கிஸில்டெரே. 1984இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் டர்பைனுக்குள் புகும் நீராவியில் வாயு சராசரி 13 விழுக்காடு. பெரும்பங்கு கரியமில வாயு. அதனால்தான் அங்கே கம்ப்ரஸர் என்பது வழக்கமான விளக்கம்.

13 என்பதை அந்நிலத்தின் இயல்பாக எடுத்துக்கொண்டதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கிஸில்டெரேயின் நிலத்தடி நீரில் வாயு எடையளவில் 1.5 விழுக்காடு மட்டுமே. 200 பாகை செல்சியஸில் உள்ள நீர், ஆவியைப் பிரிக்கும் பிரிகலனில் 150 பாகைக்கு இறங்கினால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆவியாகிறது. வாயுவோ அநேகமாக முழுதும் அந்தச் சிறு பங்கோடு போய்விடும். கணக்கிட்டால் 13க்கு மிக அருகில் வருகிறது. அதே கிணற்று நீரை 120 பாகைவரை இறங்கவிட்டால் ஆவி 16 விழுக்காட்டை எட்டும்; வாயுவின் பங்கு 9க்குச் சரியும். இது தோராயக் கணக்கு. வாயுவின் தனி அழுத்தத்தை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் சற்று நகரும், போக்கு மாறாது என்றே கருதுகிறேன்.

விழுக்காடு இப்படி இறங்கினாலும், கண்டென்சரிலிருந்து வெளியேற்ற வேண்டிய வாயுவின் எடை அப்படியேதான் இருக்கும். கம்ப்ரஸரின் சுமையைத் தீர்மானிப்பவை அந்த எடையும் கண்டென்சரின் அழுத்தமுமே. கருவிக்குச் சுமை குறையாதபோது நம் எல்லைக்கோட்டில் மட்டும் நிலையம் இடம்பெயர்ந்துவிடுகிறது!

வெப்பநிலையோடு பிரிகலனின் அழுத்தமும் குறைந்தால் ஒவ்வொரு கிலோ நீராவியின் வேலைத்திறனும் குறையுமே என்பார்கள். குறையும், நான் மாற்றச் சொல்வது அளவுகோலை, அழுத்தத்தை அல்ல. அழுத்தம் குறைந்தால் சுண்ணம் படியும் என்ற ஆட்சேபம் கிணற்றைச் சேர்ந்தது, இங்கே பொருந்தாது. இத்தாலியின் லார்தெரெல்லோபோல நீரின்றி ஆவியே வரும் களங்களில் விழுக்காடு களத்தின் பண்பையே காட்டுகிறது. அங்கே பழைய விதி நிற்கும். நீர் மிகுந்த களங்களுக்கு அதை அப்படியே கொண்டுபோனதுதான் பிழை.

மலேசியாவுக்கு இது தொலைதூர விவகாரமன்று. சிலாயாங், உலு லங்காட் பகுதிகளின் வெந்நீர் ஊற்றுகள் மின்நிலைய நீராவி தருபவை அல்ல என்பதால் கிள்ளான் பள்ளத்தாக்கை விட்டுவிடலாம். சபாவில், தாவாவ் அருகே அப்பாஸ் கீரியில் திட்டமிட்ட 30 மெகாவாட் நிலையம் நிறைவேறவில்லை. அங்கே மறுபடியும் கிணறு சோதிப்போர், ஒரு கிலோ நிலத்தடி நீருக்கு எத்தனை கிராம் வாயு என்பதையும் பிரிகலனின் அழுத்தத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். இவையின்றித் தரப்படும் வாயு விழுக்காட்டை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுக்க முடியாது.