என்.இ.2000: ஒரு பழைய பிணைய அட்டையின் வரலாறு



1997ஆம் ஆண்டு நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளிக்கு ஒரு நிறுவனம், தான் கழித்துவிட்ட ஏழு 486 ரகக் கணினிகளை நன்கொடையாக அளித்தது. ஒன்றைக் கோப்பு வழங்கியாக வைத்து, மற்ற ஆறையும் கம்பியால் இணைத்துவிட்டால், பள்ளியில் இருந்த ஒரே அச்சுப்பொறியில் எல்லா ஆசிரியர்களும் தேர்வுத்தாளை அச்சிட்டுக் கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். நான்கு கணினிகள் நன்றாகவே இயங்கின. மற்ற இரண்டிலோ, பிணையம் இணைந்த நொடியிலேயே சுட்டெலி உறைந்து நின்றது. அவ்விரு கணினிகளில் இருந்த பிணைய அட்டைகள் பழுது என்று நானே தீர்ப்பெழுதி, புதியவை வாங்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் பணம் கேட்கவும் துணிந்துவிட்டேன். அத்தீர்ப்பு தவறு. ஏன் தவறு என்பது விளங்க, அந்த அட்டை வந்த வழியைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறை 1973இல் அமெரிக்காவில், ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவானது. ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் ஆகிய இருவரும் அதன் முன்னோடிகள். மெட்காஃப் 1979இல் 3காம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஸெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து, நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இயங்கும் ஈதர்நெட்டுக்குப் பொது வரையறை வெளியிட்டன. அடுத்த ஆண்டு ஐ.பி.எம். தனிக்கணினி சந்தைக்கு வந்தது. அதில் பிணைய வசதி கிடையாது. ஆனால், பின்னாளில் வேண்டியதைச் செருகிக்கொள்ளத் தாய்ப்பலகையில் ஸ்லாட்டுகள் இருந்தன. அவற்றில் செருகத்தக்க ஈதர்நெட் அட்டையை 3காம் 1982இல் விற்கத் தொடங்கியது. விலையோ பள்ளிகள் நினைத்துப் பார்க்க இயலாதது.

விலை இறங்கிய கதைதான் சுவையானது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நோவெல் நிறுவனம் நெட்வேர் என்னும் பிணைய மென்பொருளை விற்று வந்தது. அட்டை விலை குறைந்தால்தான் மென்பொருள் விற்கும். எனவே, நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் தன் 8390 சில்லுக்காகத் தயாரித்திருந்த மாதிரிச் சுற்றையே அடிப்படையாகக் கொண்டு எளிய அட்டை ஒன்றை உருவாக்கியது. 1987இல் அறிவிக்கப்பட்ட அதன் 8 பிட் வடிவம் 495 அமெரிக்க டாலர், அதுவே என்.இ.1000. அதன் 16 பிட் தம்பிதான் என்.இ.2000. சில்லு கடையில் கிடைக்கும், சுற்றும் எளிது. எனவே தைவானிலும் பிற இடங்களிலும் பலர் அதே அட்டையைச் செய்யத் தொடங்கினர். பெட்டியின் மேல் 'என்.இ.2000 ஒத்தியங்கும்' என்று அச்சிட்டால் போதும், வாங்குபவர் நம்பி வாங்கினார். எங்கள் பள்ளிக்கு வந்த அட்டைகளிலும் செய்தவர் பெயர் எதுவும் இல்லை. அந்த எண் மட்டுமே இருந்தது.

அது சிறந்த அட்டை அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் இருந்த நினைவகம் 16 கிலோபைட் மட்டுமே. வந்த தரவு முழுவதையும் கணினியின் மையச் செயலியே எடுத்து நகர்த்த வேண்டியிருந்தது. 3காம் அட்டைகள் தரத்தில் மேலானவை. ஆயினும் ஏழைப் பள்ளிக்கும் சிறு கடைக்கும் பிணையத்தைக் கொண்டு சேர்த்தது இந்த மலிவான அட்டையே என்பது என் கருத்து.

அட்டையைச் செருகினால் மட்டும் வேலை செய்யாது. இரண்டு எண்களை மனிதர்தாம் குறித்துக் கொடுக்க வேண்டும். முதலாவது, செயலி அட்டையோடு பேசும் முகவரி. என்.இ.2000க்கு வழக்கமான முகவரி பதினறும எண்ணில் 300. அதிலிருந்து 32 இடங்களை அட்டை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, ஐ.ஆர்.கியூ. என்னும் குறுக்கீட்டு எண். வகுப்பில் ஐயம் கேட்க விரும்பும் மாணவன் கையை உயர்த்துவது போல, தரவு வந்துவிட்டது என்று அட்டை செயலியை அழைக்கும் வழி இது. 1981ஆம் ஆண்டுக் கணினியில் இத்தகைய வழிகள் 8. 1984இல் வந்த ஏ.டி. ரகத்தில் பயன்படுத்தத்தக்கவை 15. அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் உண்டு. கடிகாரத்துக்கு 0, விசைப்பலகைக்கு 1, முதல் தொடர்முனைக்கு 4, இரண்டாம் தொடர்முனைக்கு 3, நெகிழ்வட்டுக்கு 6, வன்தட்டுக்கு 14. அக்காலத்து ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டில் ஒரு வழியை இரு கருவிகள் பகிர்ந்துகொள்ள முடியாது. ஒன்று கையைத் தூக்கினால் மற்றதன் கை தெரியாது.

என்.இ.2000 தொழிற்சாலையிலிருந்து 3ஆம் எண்ணோடு வந்தது. இரண்டாம் தொடர்முனை பெரும்பாலும் காலியாக இருக்கும் என்பது கணக்கு. எண்ணை மாற்ற வேண்டுமானால், அட்டையின் மேலுள்ள சிறு ஊசிகளில் மாட்டியிருக்கும் ஜம்பரைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட வேண்டும். நகம் வெட்டியவர்களுக்கு அது எளிதான வேலையன்று.

அட்டையின் எண்களை இயக்கியும், அதாவது டிரைவர் மென்பொருளும், அறிந்திருக்க வேண்டும். நெட்வேரின் தொடக்கக் காலத்தில், டபிள்யூ.எஸ்.ஜென் என்னும் நிரலை ஓட்டி, அட்டைக்குரிய இயக்கியையும் எண்களையும் ஐ.பி.எக்ஸ். கோப்புக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். எண் மாறினால் மீண்டும் தைக்க வேண்டும். பின்னர் வந்த ஓ.டி.ஐ. முறை தையலைப் பிரித்தது. எல்.எஸ்.எல்., அடுத்து என்.இ.2000 இயக்கி, அதற்கடுத்து ஐ.பி.எக்ஸ்.ஓ.டி.ஐ., இறுதியில் நெட்.எக்ஸ். என்று வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக ஏற்றினால் போதும். எண்கள் நெட்.சி.எஃப்.ஜி. என்னும் சிறு உரைக்கோப்பில் இரண்டு வரிகளாக இருக்கும். எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். நான் அறிந்த வரையில் அக்காலத்தின் மிக நல்ல மாற்றம் இதுவே.

இனி எங்கள் கூடத்துக்கு வருவோம். அட்டைகளைக் கழற்ற நான் திருப்புளியோடு நின்றபோது, ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் மேசைக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு, "ஐயா, இந்த ரெண்டுல மட்டும் எலி பெரிய துளையில மாட்டியிருக்கு" என்றான். நல்ல கணினிகள் நான்கிலும் சுட்டெலி 9 ஊசித் துளையில் இருந்தது. இவ்விரண்டிலும் சிறு துளை உடைந்திருந்ததால், யாரோ இடைச்செருகி ஒன்றைப் பொருத்தி, 25 ஊசித் துளையில் மாட்டியிருந்தார்கள். அதுதான் இரண்டாம் தொடர்முனை. அதன் எண் 3. அட்டையின் எண்ணும் 3.

ஜம்பரை 5க்கு மாற்றினேன். ஒலி அட்டை இல்லாத கணினிகள் ஆதலால் 5 காலியாக இருந்தது. எலி உயிர் பெற்றது. ஆனால் கோப்பு வழங்கியைக் காணவில்லை என்று திரை சொன்னது. அரை மணி நேரம் கம்பியைச் சந்தேகித்தேன். அது மெல்லிய கோஆக்சியல் கம்பி. இரு முனைகளிலும் 50 ஓம் முடிப்பான் இருக்க வேண்டும், ஒன்று கழன்றாலும் மொத்தமும் படுத்துவிடும். முடிப்பான்கள் சரியாகவே இருந்தன. நெட்.சி.எஃப்.ஜி. கோப்பில்தான் நான் இன்னும் 3 என்று வைத்திருந்தேன். அட்டை 5ஆம் வழியில் கையைத் தூக்கிக்கொண்டிருக்க, இயக்கி 3ஆம் வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓர் எண்ணைத் திருத்தியதும் ஆறு கணினிகளும் இணைந்தன. சங்கத்தின் பணம் சங்கத்திடமே இருந்தது.

இத்தொல்லையை ஒழிக்க ஏற்கெனவே முயற்சி நடந்திருந்தது. இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் 1993இல் 'பிளக் அண்ட் பிளே' வரையறையை ஐ.எஸ்.ஏ. அட்டைகளுக்கு வகுத்தன. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 எண்களைத் தானே பங்கிடத் தொடங்கியது. பழைய ஜம்பர் அட்டையும் புதிய அட்டையும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது அடிக்கடி தடுமாறியது. செருகிவிட்டுச் சாமி கும்பிட வேண்டும் என்று கேலி பேசினார்கள். உண்மையான விடுதலை பி.சி.ஐ. ஸ்லாட்டோடு வந்தது. அதில் ஒரே குறுக்கீட்டு வழியைப் பல அட்டைகள் பகிர்ந்துகொள்ளலாம். ரியல்டெக் நிறுவனத்தின் 8029 சில்லு, என்.இ.2000இன் வடிவமைப்பை அப்படியே பி.சி.ஐ.க்குக் கொண்டு சென்றது.

லினக்ஸ் இயங்குதளத்திலும் இவ்வட்டைக்கு இடம் கிடைத்தது. டொனால்ட் பெக்கர் எழுதிய இயக்கி 300, 280, 320 என்று முகவரிகளைத் தட்டிப் பார்த்து அட்டையைத் தேடும். தவறான கதவைத் தட்டினால் கணினியே உறைந்துவிடும் அபாயம் உண்டு. அதனால் முகவரியை நாமே சொல்லிவிடுவது நல்லது. இன்றும் கணினிக்குள் கணினியை உருவாக்கும் கியூ.இ.எம்.யு. மென்பொருளில், இல்லாத என்.இ.2000 அட்டையை இருப்பது போலவே பொருத்தலாம். அதற்கும் முகவரி உண்டு, குறுக்கீட்டு எண்ணும் உண்டு.

கணினிகள் ஏழும் பழைய இரும்புக்குப் போய் நெடுநாளாகிறது. அட்டைகள் இரண்டை மட்டும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஜம்பர் 5இல்தான் இருக்கிறது.