ஆண்டர்சன்வில்: சிறை இருந்த மண்ணில் ஓர் அருங்காட்சியகம்

அமெரிக்காவின் தேசியப் போர்க்கைதிகள் அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் 9 அன்று திறக்கப்பட்டது. 1942-இல் இதே நாளில்தான் பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் அமெரிக்கப் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது. ஆனால் அருங்காட்சியகம் எழுந்த ஜார்ஜியா மாநிலத்து ஆண்டர்சன்வில்லில் எந்த அந்நிய நாடும் அமெரிக்கரைச் சிறைவைக்கவில்லை. உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படை, வட படையினரை அடைத்துவைத்த இடம் அது. எல்லாப் போர்களின் கைதிகளையும் ஒரே கூரையின்கீழ் நினைவுகூரும்போது இந்த உண்மை மங்கிவிடக் கூடாது என்பதே என் வாதம்.

1864 பிப்ரவரியில் கைதிகள் வரத் தொடங்கிய அந்த முகாம், சுமார் 10,000 பேருக்கென்று திட்டமிடப்பட்டது. ஆகஸ்டில் 32,000-க்கும் அதிகமானோர் அதில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். குடிசைகள் கிடையாது, கந்தல் போர்வையைக் குச்சிகளில் கட்டி அதன்கீழ் ஒண்டிக்கொண்டார்கள். குடிக்கவும் கழிக்கவும் ஒரே ஓடைதான். மரச்சுவருக்கு உள்ளே சுமார் 19 அடி தள்ளி ஒரு தாழ்வான கட்டை வேலி. அதைத் தாண்டினால் காவலன் சுடலாம். முகாம் இயங்கிய 14 மாதங்களில் உள்ளே போன ஏறத்தாழ 45,000 பேரில் கிட்டத்தட்ட 13,000 பேர் மடிந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றவை பேதி, சீதபேதி, ஸ்கர்வி போன்ற நோய்கள்தாம். கூட்டம் இப்படிப் பெருகக் காரணம், 1862-இல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கைதிப் பரிமாற்றம் மறு ஆண்டே முறிந்ததுதான். பிடிபட்ட கறுப்பினச் சிப்பாய்களைப் போர்க்கைதிகளாக நடத்தத் தென் தரப்பு மறுத்ததே அந்த முறிவின் முக்கியக் காரணம். விடுவித்தால் எதிரிப் படைக்கு ஆள் சேரும் என்ற வட தளபதி கிராண்டின் கணக்கும் 1864-இல் சேர்ந்துகொண்டது. முகாம் தளபதி ஹென்றி வெர்ஸ் 1865 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஒருவரைத் தூக்கில் போட்டதோடு கணக்கு தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியுமா?

காணாமற்போனவர்களுக்கான எந்த நினைவிடத்துக்கும் அஸ்திவாரம் பெயர்ப் பட்டியல்தான். அதையும் இங்கே காப்பாற்றியவர் ஒரு கைதியே. மருத்துவமனையில் சாவுப் பதிவேடு எழுதப் பணிக்கப்பட்ட டோரன்ஸ் அட்வாட்டர், தனக்கென ஒரு பிரதியை ரகசியமாக எழுதிவந்தார். 1865 கோடையில் அவரும், போர்க்களச் செவிலியர் கிளாரா பார்ட்டனும் சென்ற குழு, அந்தப் பட்டியலைக் கொண்டு கல்லறைகளுக்குப் பெயர்ப்பலகை நட்டது. பெயர் தெரியாமல் எஞ்சியவை சுமார் 460. உடல்களைத் தோளோடு தோள் சேர்த்துப் புதைத்ததால் இன்றும் அங்கே நடுகற்கள் இடைவெளியின்றி நிற்கின்றன. அட்வாட்டருக்கு அரசு கொடுத்த பரிசு, பட்டியலைத் திருடியதாக ராணுவ நீதிமன்றத் தண்டனை! 1866-இல் அந்தப் பட்டியல் அச்சேறிய பிறகுதான் பல குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளை என்ன ஆனான் என்று தெரிந்தது.

1970-இல் நாடாளுமன்றம் இவ்விடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியபோது, அமெரிக்கப் போர்க்கைதிகள் அனைவரையும் நினைவுகூரும் பொறுப்பையும் அதற்குத் தந்தது. வியட்நாமில் கைதானவர்களின் குடும்பங்கள் வாஷிங்டனில் கதவைத் தட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இந்த விரிவு இல்லாவிட்டால் தெற்கின் எதிர்ப்பைச் சமாளித்திருக்க முடியாது என்பார்கள். இருக்கலாம், சாமர்த்தியமான ஏற்பாடுதான். பசியும் நோயும் ஏக்கமும் எந்தப் போரின் கைதிக்கும் ஒன்றே என்பதும் மறுக்க முடியாத நியாயம். ஆனால் கைதியின் துயரம் பொதுவானது என்பதற்காகச் சிறைவைத்தவரின் பொறுப்பும் பொதுவாகிவிடாது. வடக்கு மட்டும் யோக்கியமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். நியூயார்க் மாநிலத்து எல்மைரா முகாமில் 12,000-க்கும் மேற்பட்ட தென் கைதிகளில் ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். அதையும் காட்டட்டும், ஒரு முகாமின் சாவுகளை இன்னொன்றின் சாவுகளால் கழித்துவிட முடியாது. ஆண்டர்சன்வில் ஊருக்குள் 1909-இல் தென் மாநில மகளிர் சங்கம் எழுப்பிய வெர்ஸ் நினைவுத்தூண், அவரைப் பழிசுமத்தப்பட்ட நிரபராதியாகவே காட்டுகிறது. அப்படியொரு தூண் பக்கத்திலேயே நிற்கும்போது, பரிமாற்றம் ஏன் முறிந்தது, கறுப்பினச் சிப்பாய்களுக்கு அதில் என்ன நேர்ந்தது என்பதை அருங்காட்சியகம் பட்டானுக்கும் வியட்நாமுக்கும் முன்பாகச் சொல்லியாக வேண்டும்.