பழவேற்காடு: பூநாரைக்கு முந்தின பாடு

பழவேற்காடு போறேன்னு சொன்னா நம்ம மக்கள் கேக்குற மொதக் கேள்வி, "பூநாரை வந்துடுச்சா?". அடுத்தது டச்சுக் கல்லறை. ஒரு ஞாயித்துக்கிழமை பொட்டி தட்டுற நாலு பேர் கிளம்பினப்போ எங்க திட்டமும் அதேதான்.

படகுத்துறையில வலையைச் சரி பண்ணிக்கிட்டிருந்த ஒருத்தர்கிட்ட, "ஏரிக்குப் போகலையாண்ணே?"ன்னு கேட்டேன். "இன்னிக்கு எங்க பாடு இல்ல தம்பி"ன்னார். அந்த வார்த்தையைத் தேடிப் போனதுதான் இந்தப் பதிவு.

பாடுன்னா முறை. முகத்துவாரத்துக்குப் பக்கத்துல இறால் நல்லா விழுற இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாள்ல வலை கட்டினா அடிதடிதான். அதனால கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம்னு ஊர்கள் முறை வச்சுக்கிட்டாங்க. ஊருக்குள்ள ஆட்களுக்கும் முறை உண்டு. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல 'ரவுண்ட் ராபின்'னு படிச்சு அரியர் வச்சோமே, அதேதான்! பொற்காலம்னு கதை விடல. பாடு பட்டினவர் சமூகத்து உரிமை. ஏரியை நம்பியிருந்த மத்தவங்களுக்கு அதுல இடம் கிடைக்கல, அதனால சண்டையும் நடந்திருக்கு.

இப்படி ஏற்கெனவே கணக்கு வழக்கோட இருந்த ஏரியைத்தான் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குக் கீழ சரணாலயம் ஆக்கினாங்க. ஆந்திரா 1976ல, தமிழ்நாடு 1980ல. நம்ம பக்கம் மட்டும் சுமார் 153 சதுர கி.மீ. சட்டப்படி மொதல்ல அறிவிப்பு, அப்புறம் கலெக்டர் அங்க உள்ளவங்களோட உரிமைகளை விசாரிச்சுத் தீர்க்கணும், அதுக்கப்புறம்தான் இறுதி அறிவிப்பு. அந்த நடுவுல உள்ள வேலை நாப்பது வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. பறவைக்கு எல்லை போட்டாச்சு, பாட்டுக்காரனுக்கு என்ன உரிமைன்னு எழுதல.

அதுக்காக சரணாலயமே வேணாம்னு சொல்லிட முடியுமா? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கு 2021 ஜனவரியிலயும் 2023 செப்டம்பர்லயும் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிச்சு, ரெண்டுமே தள்ளிப்போச்சு. ஏரி கெட்டுடும்னு எதிர்த்தவங்க இதே குப்பத்துக்காரங்கதான். ஏரியைக் காப்பாத்தணும்ங்கறதுல அவங்களுக்குச் சந்தேகமே இல்ல. காப்பாத்துற காகிதத்துல தங்க பேரும் இருக்கணும்ங்கறாங்க, அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணனோட பாடாம். வலையைச் சுருட்டிக்கிட்டு எழுந்துட்டார். பூநாரையா? தூரத்துல வெள்ளைக் கோடு மாதிரி ஏதோ தெரிஞ்சுதுங்க.