கணக்கில் விடுபட்ட ஆண்டுகள்

'எங்கட ஆக்கள் யாவாரிமார்தானே, கையில காசுள்ள சமூகம்தானே' என்ற பேச்சை மேடைகளிலும் கட்டுரைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். சொல்பவர் ஆதாரமாகப் புள்ளிவிபரம் காட்டுவது அபூர்வம். காட்டினாலும், அது எந்த ஆண்டுக்குரியது, எந்தெந்த மாவட்டங்களில் எடுத்தது என்று நாமும் கேட்பதில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த எனக்கு ஒரு பழக்கம் உண்டு: ஏடு ஒன்று கைக்கு வந்தால், விடுபட்ட பகுதி எது என்று முதலில் பார்ப்பேன். எண்களையும் அப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

இலங்கையின் முதல் குடிசன மதிப்பீடு 1871 இல் நடந்தது. 1911 மதிப்பீட்டை ஒட்டி டென்ஹாம் எழுதிய நூலை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். ஆனால் இம்மதிப்பீடுகளில் தொழில் தெரியும். வீட்டு வருமானம் தெரியாது. வருமானத்தைத் தேடுவோர் மத்திய வங்கியின் நுகர்வோர் நிதி ஆய்வுகளுக்குப் போக வேண்டும். 1953 இல் தொடங்கிய அவற்றில் கடைசியானது 2003/04 இல் நடந்தது. கண்டிச் சிங்களவர், கரையோரச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், சோனகரும் மலாயரும் என இனவாரியான வருமானம் அவற்றில் கிடைக்கும்.

இப்போது 1990 ஐக் கவனியுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் காலாண்டுத் தொழிற்படை ஆய்வைத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். வீட்டு வருமான செலவின ஆய்வும் 1990/91 இல் நடந்தது. இரண்டிலும் வடக்கும் கிழக்கும் இல்லை. அதே 1990 ஒக்டோபரில்தான் ஏறத்தாழ 75,000 வடபுல முஸ்லிம்கள் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டார்கள். 1991 இல் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001 மதிப்பீடு 25 மாவட்டங்களில் 18 இல்தான் முழுமையடைந்தது. மன்னாரும் யாழ்ப்பாணமும் அந்தப் பதினெட்டில் இல்லை. தொழிற்படை ஆய்வு 2011 இலும், வருமான ஆய்வு 2012/13 இலும்தான் நாடு முழுவதையும் தொட்டன.

ஆக, நம் சனம் கடையையும் காணியையும் வள்ளத்தையும் இழந்த ஆண்டுகளுக்கு, அவர்கள் விட்டுவந்த ஊர்களைப் பற்றிய வருமானக் கணக்கு அரச ஆய்வுகளில் இல்லை. புத்தளத்தில் தஞ்சமடைந்தவர்களையும் மாவட்டச் சராசரியிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. இந்த வெற்றிடத்தின் பெறுமதியை உணர்ந்துதான் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் அகதிகளின் இழப்புகளைத் தேடித் தேடிப் பதிந்தார்.

எண் கிடைத்தாலும் அது எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். 2019 இல் ஒரு வீட்டின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா. நடுப்பெறுமானமோ 53,333 ரூபாதான். அதாவது, வீடுகளில் பாதி 53,333 ரூபாவுக்கு மேல் காணவில்லை. 'தொழிலுள்ளவர்' என்ற சொல்லும் அப்படித்தான். முந்திய வாரத்தில் ஒரு மணித்தியாலம் உழைத்தவரும் அதற்குள் அடங்குவார். வாப்பாவின் கடையில் சம்பளமில்லாமல் நிற்கும் மகனும் அடங்குவார்.

ஆகவே ஆய்வெழுதும் நம் இளையவர்கள் அட்டவணைக்குப் போகுமுன் அறிக்கையின் முன்பக்கங்களைப் படிக்கட்டும். எந்த மாவட்டங்கள் விடுபட்டன என்பதைத் தம் கட்டுரையிலும் எழுதட்டும். விடுபட்ட ஆண்டுகளுக்கான சான்று காணி உறுதியிலும், கடைக் கணக்குக் கொப்பியிலும், பாடசாலைச் சேர்விடாப்பிலும்தான் மிஞ்சியிருக்கிறது. 1990 இல் கடை நடத்தியவர்களுக்கு இப்போது வயது போய்விட்டது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.