புகார் நகரில் புலம்பெயர்ந்தோர்



மத்தியதரைக் கடலின் தென்கரையில், கி.மு. 331-இல் மகா அலெக்சாந்தர் நிறுவிய அலெக்சாந்திரியா, உலகப் புகழ்பெற்ற துறைமுக நகரம். உரோமர் ஆட்சிக் காலத்தில் அந்நகர மக்களிடையே சொற்பொழிவாற்றிய தியோன் என்னும் கிரேக்க நாவலர், தம்முன் கூடியிருந்தோரில் இந்தியர் சிலரும் இருந்தனர் எனக் குறித்துள்ளார். அவர்கள் எம்மொழியினர் என்பதை அவர் கூறவில்லை. எனினும் செங்கடலின் எகிப்தியக் கரையிலுள்ள பெரெனிகே துறையில், 'கொற்றன்' என்னும் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறிக்கப்பெற்ற பானையோடு 1995-இல் கிடைத்தது. இந்தியச் சாடியொன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகும் அங்கே கண்டெடுக்கப்பட்டது. இத்தகைய சரக்குகள் பாலைவன வழியாக நைல் நதியை அடைந்து, படகேறி அலெக்சாந்திரியாவுக்குச் சென்றன.

அந்த வாணிகப் பாதையின் இக்கரையில் விளங்கிய துறைமுகங்களுள் ஒன்று நம் காவிரிப்பூம்பட்டினம். புகார் என்பதும் அதுவே. கிரேக்க நிலநூலாசிரியர் தாலமி 'கபேரிஸ்' என்று குறிப்பிடும் வாணிகத் துறை இதுவே என்பர் அறிஞர்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, கரிகாற் சோழனின் இத்தலைநகரத்தை விரிவாகக் காட்டுகிறது. கடல் வழியே வந்த குதிரைகள், வடமலைப் பொன், மேற்கு மலைச் சந்தனம், தென்கடல் முத்து, கீழ்க்கடற் பவளம், கங்கைச் சமவெளியின் விளைபொருள்கள், ஈழத்து உணவுப் பொருள்கள் ஆகியவை அதன் வீதிகளில் குவிந்து கிடந்தன. சுங்க அதிகாரிகள் அவற்றின்மீது புலி முத்திரை பொறித்தனர். நகரம் இரு பகுதிகளாய் இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. கடலையொட்டிய மருவூர்ப்பாக்கத்தில் வணிகரும் கைவினைஞரும் யவனரும் வாழ்ந்தனர். அரசரும் செல்வரும் வாழ்ந்தது பட்டினப்பாக்கம். இரண்டிற்கும் நடுவே, மரங்களின் நிழலில் நாளங்காடி நடைபெற்றது. இரவில் கலங்களுக்கு வழிகாட்டக் கலங்கரை விளக்கமும் எரிந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் கருத்தை ஈர்க்கிறது. 'புலம்பெயர்ந்தோர்' என்றால், தமிழகம் விட்டுப் பிற மாநிலங்களிலும் நாடுகளிலும் வாழும் தமிழரையே இன்று நாம் நினைக்கிறோம். பட்டினப்பாலையிலோ 'புலம்பெயர்' என்னும் சொல் வெளியிலிருந்து புகாருக்கு வந்து குடியேறிய பன்மொழி மக்களைக் குறிக்கிறது. அவர்கள் ஒருவரோடொருவர் கலந்து இனிது வாழ்ந்தனர் என்பதையே நகரத்தின் பெருமையாகப் புலவர் போற்றுகிறார். வந்தவர் கூட்டத்தை ஊருக்கு இடையூறென்று அவர் கருதவில்லை.

மணிமேகலை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அரசனது பூங்காவில் எழுந்த மண்டபம் ஒன்றை மகத நாட்டு வினைஞரும், மராட்டக் கம்மியரும், அவந்தி நாட்டுக் கொல்லரும், யவன நாட்டுத் தச்சரும், தமிழ்க் கம்மியரோடு கூடிச் சமைத்தனர் என்கிறார் சாத்தனார். வந்தவர்கள் விருந்தினராய் மட்டும் இருந்துவிடவில்லை. அந்நகரைக் கட்டியவர்களிலும் ஒரு பகுதியினர் ஆயினர்.

இவை புலவர் கற்பனையோ என்று ஐயுறுவோர்க்கு அகழாய்வு ஓரளவு விடை தருகிறது. 1962-ஆம் ஆண்டு முதல் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தபோது, கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. அங்கே ஊன்றியிருந்த மரத்தூண்களின் காலம் கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனக் கரிமக் கணிப்புக் காட்டியது. பல்லவனேச்சரத்தில் பௌத்த விகாரையும், புத்தர் பாதம் செதுக்கிய கல்லும் கிடைத்தன. பாலி மொழிப் பேரறிஞர் புத்ததத்தர் இப்பட்டினத்தில் தங்கி நூல் இயற்றியவர் என்பதும் இங்கே நினைத்தற்குரியது.

இந்திர விழாவை மறந்ததனால் நகரைக் கடல் கொண்டது என்பது மணிமேகலை கூறும் செய்தி. அலெக்சாந்திரியாவின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கமும் நிலநடுக்கங்களால் சிதைந்து கடலில் வீழ்ந்தது. அதன் கற்களை 1990-களில் மூழ்கு வீரர்கள் கண்டனர். பூம்புகாரிலும் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கடலடியில் ஆய்வு நடத்தினர். கரைக்கு அப்பால் ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் குதிரை இலாட வடிவான அமைப்பு ஒன்று காணப்பட்டது. அது மனிதர் ஆக்கியதா, இயற்கையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது.

விடுமுறைக்கு ஊர் செல்வோர் சீர்காழியில் இறங்கிப் பூம்புகாருக்கு ஒருமுறை செல்லலாம். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள அவ்வூரில், 1973-இல் எழுப்பப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் கண்ணகியின் கதை சிற்பங்களாய் நிற்கிறது. அருகில் திருவெண்காட்டுத் திருக்கோயில் உண்டு. அக்கோயிலின் எழில்மிகு ரிஷபவாகனர் செப்புத் திருமேனியைத் தஞ்சைக் கலைக்கூடத்தில் காணலாம். காவிரி கடலோடு கலக்குமிடமோ பெரிய துறைமுகத்திற்குரிய தோற்றமின்றி, சிற்றாறாய் ஒடுங்கியிருக்கிறது.

தலைநகரில் பலகாலம் வாழ்ந்தும், 'உங்கள் ஊர் எது?' என்னும் வினாவை நாம் நாள்தோறும் எதிர்கொள்கிறோம். நம் பிள்ளைகளும் எதிர்கொள்வர். அவர்களைப் புகாருக்கு அழைத்துச் செல்லும்போது, கரிகாலன் பெருமையோடு மகத வினைஞரின் கதையையும் சொல்வோமாக. அயலார் கைகளும் சேர்ந்து ஆக்கியதே நம் முன்னோர் நகரம் என அறிந்த பிள்ளை, தில்லியில் தன்னை அயலாகக் கருதாது. தன் தெருவில் பிற மாநிலத்தார் குடிவந்தால் அவரையும் அயலாராகக் கருதாது.