போன் லைனில் புகுந்த ரேடியோ

டயல்-அப் காலத்துல இணையத்துக்கு வந்தவங்களுக்கு மோடம் போடும் அந்தக் "கீ... கர்ர்ர்" மறந்திருக்காது. அதுக்கு நடுவுல ரேடியோ புகுந்து கெடுத்த கதையைக் கொஞ்சம் சொல்றேன்.

கிலோமீட்டர் கணக்குல நீளும் போன் கம்பி ஒரு நல்ல ஏரியல். இதுக்கு கிரகாம் பெல்லே 1881-ல் மருந்து கண்டுபிடிச்சார்: இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டால் இரண்டிலும் ஏறும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆனா வீட்டுக்குள்ள அவரவர் இழுத்த ஒயரும், பெட்டியில் துருப்பிடித்த ஜாயிண்ட்டும் அந்த மருந்தைக் கெடுத்தன. துருவுக்கு ஒரு குணம் உண்டு, மின்சாரத்தை ஒரு பக்கமாத்தான் நல்லா விடும். ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா படிகத்தை வைத்து 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினாரே, அதே வேலை. ரேடியோ அலையிலிருந்து பாட்டு தனியா பிரிஞ்சு போனில் கேட்கும்!

நாம பாட்டைத் தாண்டிக் கத்திப் பேசிடுவோம். மோடம் பாவம். அதுக்குக் கிடைத்ததே 300-லிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை. பாட்டும் சரியா அங்கேயே வந்து உட்காரும். வேகம் இறங்கும், இல்லாட்டி லைன் கட்.

சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் 200 கிலோவாட்டில் ஒலிபரப்பானது. அந்த மாதிரி டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் இருக்கிறவங்க பாடுதான் பெரும்பாடு. குடியாத்தத்தில் எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, தூரம் காப்பாத்திச்சு. எங்க 04171 லைனைக் கெடுக்க மழை ஈரமே போதும் :-)

பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் டேட்டாஒன் கொண்டுவந்ததும் ஆட்டம் மாறிச்சு. ஏ.டி.எஸ்.எல். 1104 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், மீடியம் வேவின் பெரும்பகுதியும் அதுக்குள்ளேயே அடக்கம். இனி துருவே வேண்டாம், ரேடியோ நேரடியா மோதும். ஆனா ஏ.டி.எஸ்.எல். கெட்டிக்காரன். அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளா வெட்டி, சத்தமுள்ள துண்டில் குறைவா ஏற்றும், தேவைப்பட்டா விட்டுவிடும். 720 விழுவது 167-வது துண்டில்.

எனக்குப் பிடிச்ச திருப்பம் இதுக்கும் முன்னாடியே நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு, மைடாஸ் கம்பெனியோடு சேர்ந்து கார்டெக்ட் செய்தாங்க. வீடு வரைக்கும் செம்புக் கம்பி இழுக்கிறதுதான் போன் செலவில் பெரும் பங்கு, அந்தக் கம்பியே வேண்டாம்னு முடிவு. எந்த ரேடியோ கம்பிக்குத் தொல்லையோ, அதே ரேடியோவில் பேச்சும் இணையமும் ஒண்ணா! மோடமே தேவையில்லை. பேசிக்கிட்டே 35 கிலோபிட், பேசாட்டி 70. அந்தக் காலத்துக்கு, அதுவும் கிராமத்துக்கு, இது பெரிய விஷயம். பிறகு பிராட்பேண்டும் செல்போனும் வந்து அதை ஓரங்கட்டிடுச்சு.

ஆனா 2001-ல் மதுரை மேலூர் பக்கத்துக் கிராமங்களில் இதை வைத்து இணைய மையங்கள் திறந்தாங்க. கண்ணில் கோளாறுன்னு வந்தவங்களைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. பஸ் ஏறணுமா வேண்டாமான்னு டாக்டர் அங்கிருந்தே சொல்லிடுவார்.